வேனில் வந்த பிரெஞ்சுப் புரட்சி

எம்.ஏ. வரலாறு படித்தவன் கையில் கம்பெனி வேனை ஒப்படைக்கவே கூடாது. ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உயிரோடு இருக்கும் சாட்சி நான்.

படிப்பு முடிந்ததும் அப்பா என்னை விருதுநகரில் எங்கள் மிளகாய் மண்டியில் உட்கார வைத்தார். நான் தும்மிய தும்மலில், வந்த வியாபாரிகள் எல்லாம் அபசகுனம் என்று அடுத்த கடைக்குப் போனார்கள். வேறு வழியில்லாமல் அப்பா தன் சிநேகிதரின் காலண்டர் கம்பெனியில் சேர்த்துவிட்டார். "ஏலே, சிவகாசிக்குப் போ. அங்கனயும் சரிப்படலைன்னா திரும்ப மிளகாதான்" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

காலையில் விருதுநகரிலிருந்து கிளம்பும் கம்பெனி வேனுக்கு நான் பொறுப்பு. வழியில் ஊர் ஊராக ஏறும் பெண்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பகலில் அதே பெண்கள் காலண்டர் தாள் அடுக்குவதை மேற்பார்வை பார்க்க வேண்டும். (மேற்பார்வை என்றால் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நடப்பது.)

மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டேன், அந்த வேனுக்குள் புரட்சிக்கு முந்தைய பிரான்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவருக்குப் பக்கத்து சீட் என்றைக்கும் மாரியம்மா அக்காவுக்குத்தான். அண்ணன் தம்பியைக் கட்டிய ஓர்ப்படிகளான பேச்சியும் லட்சுமியும் ஒரே வீட்டிலிருந்து வந்து ஏறினாலும் ஒருத்தி முன்வரிசை, இன்னொருத்தி கடைசி வரிசை. யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பரம்பரைச் சலுகை! பிரபுத்துவம்! என் பகுத்தறிவு விழித்துக்கொண்டது. (இன்னும் கொஞ்சம் தூங்கியிருக்கலாம்.)

கம்பெனி மெஷினிலேயே ஓர் அட்டவணை அச்சடித்தேன். மேலே சிவப்பு எழுத்தில் 'சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்'. கீழே யார் எந்த நாளில் எந்த சீட் என்று சுழற்சி. ஒரே ஒரு ஜன்னல் சீட் மட்டும் சுழலாது. அது என்னுடையது. நிர்வாகம் என்று ஒன்று வேண்டாமா?

நான் புரட்சிக்குத் தேர்ந்தெடுத்த நாளின் அழகைச் சொல்ல வேண்டும். சீசன் உச்சம். ஒரு ஜவுளிக்கடையின் காலண்டர் லோடு அன்று சாயங்காலம் ஆறு மணி லாரியில் போயாக வேண்டும். "லோடு போகலைன்னா ஆர்டர் போயிரும். ஆர்டர் போச்சுன்னா நீயும் போயிரு" என்று முதலாளி முந்தின நாளே சொல்லியிருந்தார்.

காலையில் அட்டவணையை வாசித்து ஒவ்வொருவரையும் இடம் மாற்றினேன். மாரியம்மா அக்கா எனக்கு நேர் பின்னால்.

"தம்பி, எனக்கு முன்னாடிதான்..." என்று ஆரம்பித்தார்.

"இனிமே முன்னாடி பின்னாடி எல்லாம் கிடையாதுக்கா. எல்லாரும் சமம்."

நாலாவது கிலோமீட்டரில் அக்கா காலையில் சாப்பிட்ட இட்லி என் பிடரியில் இருந்தது. முன் சீட்டில் காற்று முகத்தில் அடித்தால்தான் அவருக்குக் குமட்டாதாம். அதைத்தான் சொல்ல வந்திருக்கிறார்.

நான் சட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் இன்னொரு போர் வெடித்தது. சகோதரத்துவத்தின் பேரில் பேச்சியையும் லட்சுமியையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருந்தேன். வீட்டுச் சண்டை ஆறுவதற்காகத்தான் வேனில் அவர்கள் தள்ளி உட்கார்வது என்பது எனக்கு எப்படித் தெரியும்? அன்று அது ஆறவில்லை. கொதித்தது.

"உன் புருசனுக்கு மட்டும் முட்டை, என் புருசனுக்கு ரசமா?"

"ஏன், உன் புருசன் இட்ட முட்டையா அது?"

கம்பெனி வந்ததும் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். நானும் நிம்மதியானேன். அதுதான் பெரிய ஆபத்து. பேச்சி மாசக் கட்டுகளை எடுத்து "மார்ச்!", "ஏப்ரல்!" என்று குரல் கொடுத்துத் தள்ளுவாள், லட்சுமி கேட்டு அடுக்கி, கம்பி தைக்கிற மெஷினுக்கு அனுப்புவாள். அன்று ஒருத்தி சொல்லவில்லை, மற்றவள் கேட்கவில்லை. மத்தியானம் ஒரு காலண்டரைப் பெருமையாகப் புரட்டினேன். ஜூன் முடிந்து மார்ச் வந்தது. இன்னொன்றில் ஜூலைக்குப் பிறகு மறுபடி ஜூலை.

பிரான்ஸில் புரட்சிக்காரர்கள் காலண்டரையே மாற்றினார்கள் என்று படித்திருக்கிறேன். நான் அதையும் விட்டுவைக்கவில்லை.

மூக்கில் மிளகாய் நெடி அடித்தது. அப்போதுதான் தமிழ்ச்செல்வி வந்தாள். பக்கத்து விஸ்வநத்தத்துக்காரி, அட்டை ஒட்டும் மேஜையில் வேலை. வேனில் வருகிறவள் இல்லை, சைக்கிளில் வருகிறவள். ஆனால் அதற்குள் முழுக் கதையும் தெரிந்திருந்தது.

"பிரான்சுல என்ன சார் நடந்துச்சு?"

"ராஜா சொல்றதை அப்படியே நம்பாம, எதையும் ஏன்னு கேக்கணும்னு அறிஞர்கள் எழுதினாங்க. ஜனங்க கேக்க ஆரம்பிச்சாங்க."

"நீங்க எங்க ஆளுகட்ட ஏன்னு ஒரு வார்த்தை கேட்டீகளா?"

ஐந்து வருடப் படிப்பில் இந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை.

"உங்க சீட்டு மட்டும் ஏன் மாறலை?"

சட்டைப் பையிலிருந்த அட்டவணையை இன்னும் உள்ளே தள்ளினேன்.

"ராசாவ என்ன செஞ்சாக?"

"தலையை... வெட்டினாங்க."

"நமக்கு அம்புட்டுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மேஜைகளைப் பார்த்துத் திரும்பினாள். "இந்த லோடை நாம சரிபண்ணிக் குடுப்போம். ஆனா இன்னையிலருந்து வேன்ல சார் கடைசியில ஸ்டெப்னி டயர் மேல. சம்மதம்னா கை தூக்குங்க."

எல்லாக் கையும் உயர்ந்தது. வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவரும் தூக்கினார். (அவருக்கு ஓட்டே கிடையாது.) பெரும்பான்மைக்கு மரியாதை கொடுத்து நானும் தூக்கினேன்.

அதற்குப் பிறகு நான் பார்த்ததை எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்கவில்லை. தைத்த கம்பிகளை நாலு பேர் பிடுங்க, ஆறு பேர் மாசம் பிரித்தார்கள். தமிழ்ச்செல்வி ஓர்ப்படிகளை மேஜையின் இரண்டு கோடியில் நிறுத்தி, நடுவில் மாரியம்மா அக்காவை வைத்தாள். பேச்சி "மே" என்றால் அக்கா "மே" என்பார், லட்சுமி அடுக்குவாள். நேரடிப் பேச்சுவார்த்தை இல்லை, வேலைக்குத் தடையும் இல்லை. தாள்கள் விசிறி மாதிரி விரிந்து மூடின. ஒரு விரல்கூடத் தடுமாறவில்லை. தொழிற்புரட்சிக்குக் காரணம் நீராவி என்று பத்து மார்க் கேள்விக்கு எட்டுப் பக்கம் எழுதியவன் நான். அந்த எட்டுப் பக்கத்தில் இப்படி ஒரு மேஜை இல்லை. எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை, தண்ணீர் எடுத்துக் கொடுப்பது. வாழ்க்கையில் அவ்வளவு பயபக்தியோடு நான் எந்த வேலையும் செய்ததில்லை.

ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது லாரியில் கடைசிக் கட்டு ஏறியது. முதலாளி என் முதுகில் தட்டி, "பரவாயில்லையே, ஆளுகள நல்லா வேலை வாங்குற" என்றார். பின்னால் பத்துப் பதினைந்து வளையல் கைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கின.

மறுநாளிலிருந்து எனக்கு 'பிரான்சு ராசா' என்று பெயர். மூன்று வருடம் கழித்து, அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்குமாக நடந்து, கெஞ்சி, நான் தமிழ்ச்செல்வியைக் கல்யாணம் செய்தபோது கம்பெனிப் பெண்கள் அடித்துக் கொடுத்த வாழ்த்து மடலிலும் அதே பெயர்தான். என் உண்மைப் பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார்கள்.

எங்கள் மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. போன மாதம் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். சமூக அறிவியல் டீச்சர் விடைத்தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணம் என்ன என்பது கேள்வி. 'ராஜா யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாரையும் இடம் மாற்றி உட்கார வைத்தார், தான் மட்டும் மாறவில்லை' என்று எழுதியிருந்தாள்.

"முழுசா தப்புன்னும் சொல்ல முடியல சார்" என்றார் டீச்சர் சங்கடத்தோடு. "அதான் பாதி மார்க் போட்டிருக்கேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் மனைவி விடைத்தாளை டீச்சர் பக்கமே நகர்த்தினாள்.

"முழு மார்க்கே போடுங்க டீச்சர். நான் அங்கனதான் இருந்தேன்."