எங்கே விழுந்தீங்க?

"எங்கே விழுந்தீங்க?" என்று டாக்டர் கேட்டதுமே லிஃப்ட்காரருக்குக் காலைவிட நாக்குதான் அதிகமாக மரத்துப்போனது.

மாடி மாடியாகத் தொங்கி லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். ஒருநாளும் கால் சறுக்கியதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர், சொந்தச் சமையலறையில் முக்காலி மேல் ஏறி, மனைவி ஒளித்துவைத்த சாக்லேட் டப்பாவை எட்டும்போது பொத்தென்று விழுந்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பை முகர்ந்து பார்க்கவும் வீட்டில் தடை. போன மாதம் டப்பா குறைந்தபோது பழி அவருடைய அம்மா மேல் விழுந்தது. புத்திர சிகாமணி வாயே திறக்கவில்லை.

இப்போது உண்மையைச் சொன்னால் கால் பிழைக்கும், ஆள் பிழைக்கமாட்டார். மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து ஒரு திட்டு இல்லை, ஒரு முறைப்பு இல்லை. கைத்தாங்கலாக வேறு கூட்டிவந்திருந்தாள். அந்த அன்புக்குப் பயந்தே அவர் டாக்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன் சார்."

"மல்லாக்கவா, குப்புறவா?"

"ம்... மல்லாக்க."

"அப்போ இடுப்புதான்."

அவர் மாத்திரை எழுதுகிற டாக்டர் இல்லை. எலும்பைக் கையாலேயே நெட்டி முறித்துச் சரிசெய்கிற கைரோபிராக்டர். 'சொடக்கு டாக்டர்' என்றால்தான் ஆட்டோக்காரர்களுக்கே தெரியும். அவர் லிஃப்ட்காரரின் இடுப்பை முறித்த சத்தத்தில், வெளியே காத்திருந்த ஒருவர் தன் முதுகுவலி தேவலை என்று எழுந்து போய்விட்டார்.

"இப்போ பாதத்துல சுருசுருன்னு இருக்கா?"

"இருக்கு சார். இடுப்பும் போச்சு."

டாக்டர் பாதத்தில் பஞ்சால் தடவினார். "தெரியுதா?"

"இல்ல."

ஊசியால் குத்தினார்.

"ஐயோ!"

"பாத்ரூம்ல விழுந்தா இப்படி மரத்துப்போகாதே?"

"வந்து... படியிலயும் உருண்டேன் சார்."

"எப்போ?"

"பாத்ரூமுக்குப் போற வழியில."

"ஆமா டாக்டர், உருண்டார். நானே பாத்தேன்" என்றாள் மனைவி.

லிஃப்ட்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர்கள் வீட்டில் படியே கிடையாது.

"அப்போ கழுத்து!" என்று டாக்டர் தலையைப் பிடித்து ஒரு திருப்பு திருப்பினார். திரும்பிய தலை மனைவி பக்கமே நின்றுவிட்டது.

"இன்னும் சுருசுருங்குதா? அப்படின்னா சர்க்கரைதான் நரம்பைப் பிடிச்சிருக்கணும். இனிமே பழம்கூடத் தொடக்கூடாது. எதுக்கும் முட்டியை ஒரு தடவை திருகிப் பாத்துடலாம்..."

"முக்காலி சார், முக்காலி!" என்று அலறினார் லிஃப்ட்காரர். "சாக்லேட் திருட ஏறினேன். கால் மடங்கி விழுந்தேன். முட்டியை விட்டுடுங்க!"

டாக்டர் கணுக்காலைத் தொட்டுப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். "சுளுக்குய்யா. வீக்கம் நரம்பை அழுத்துது. ஒரு கட்டுப் போட்டா சரியாப்போயிடும். இதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

லிஃப்ட்காரர் இடிக்குக் காத்திருந்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம் என்றால் கழுத்து வரவில்லை. எதிரே மனைவியின் கண்களில் நீர் முட்டி நின்றது.

"முக்காலியோட ஸ்க்ரூவைக் கழட்டி வச்சது நான்தாங்க. சத்தியமா உங்களுக்கு வைக்கல, உங்கம்மாவுக்கு வச்சேன்!"