சத்தமில்லாமல் எடிட் செய்த கலியாணம்

கொம்பியூட்டர் ஏதாவது கேட்டால் வாசிக்காமலேயே ‘ஓகே’யை அமத்துகிற ஆள் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இப்போது வயதாகிவிட்டதால் வாசித்துவிட்டு அமத்துகிறேன். அந்தக் காலத்தில் வாசித்திருந்தால் என் தங்கச்சி வாசுகி கொழும்பில் ஒரு விசா அலுவலகத்துக் கதிரையில் இருந்து, “எனக்கு உண்மையாத்தான் கலியாணம் நடந்தது” என்று அழவேண்டி வந்திருக்காது.

சண்டைக் காலம். நாங்கள் திருகோணமலையில் பாலையூற்றில் ஒரு ஒழுங்கைக்குள் இருந்தோம். அப்பா துறைமுகத்தில் கிளாக்கர். நான் ரவுனில் மூன்று மாதம் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போய், ஒரு சான்றிதழும், அதைவிடப் பெரிய தலைக்கனமும் வாங்கி வந்திருந்தேன். (சான்றிதழ் எங்கேயோ தொலைந்துவிட்டது. மற்றதைத் தொலைக்கத்தான் கனகாலம் எடுத்தது.) வாசுகிக்குக் கனடாவில் இருந்து ரமணன் என்று ஒரு மாப்பிள்ளை வந்தார். மூன்று கிழமை லீவு. வரும்போது அங்கே வாங்கிய ஒரு சின்ன வீடியோக் கமராவும் கொண்டு வந்தார். கோயிலில் கலியாணம் நடந்தது. ஸ்ரூடியோக்காரர் ஒரு பக்கம் நின்று எடுத்தார். கனடாக் கமராவை என் சிநேகிதன் சுதன் பிடித்துக்கொண்டு மணவறைக்குக் கிட்டவே நின்றான். சுதன் எங்கள் வீட்டுக்கு நேர் முன்வீடு. மாப்பிள்ளை லீவு முடிந்து திரும்பிப் போய், மனைவியைக் கூப்பிடுவதற்கு விண்ணப்பம் போட்டார்.

“ஸ்ரூடியோக்காரர் என்னத்துக்கு? ரெண்டு கசற்றையும் சேத்து நானே எடிட் பண்ணித் தாறன்” என்று வீட்டில் சொன்னேன். சொல்லிவிட்டு ஐந்து மாதம் சும்மா இருந்தேன். வாசுகி கேட்கும்போதெல்லாம், “இது கலை, அவசரப்படுத்த ஏலாது” என்பேன்.

பிறகு விசா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பதின்மூன்று நாளில் நேர்முகத்துக்கு வரவேண்டும், கலியாணம் நடந்ததற்கு ஆதாரமாகப் படங்களும் வீடியோவும் கொண்டுவரவேண்டும் என்று இருந்தது. அது ஒரு செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை காலை வேலைக்குப் போன சுதனைச் சந்தியில் வைத்துச் சுட்டுவிட்டார்கள். யார், ஏன் என்று அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. அவனுக்கு இருபத்துநாலு வயது.

எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் சா விழுந்தால் முப்பத்தோராம் நாள் வரைக்கும் வேறு எந்த வீட்டிலும் றேடியோ பாடாது, ரி.வி. சத்தமாகப் போகாது. யாரும் சொல்லித் தருவதில்லை, அப்படித்தான். அந்த ஒழுங்கைக்குள் இருந்து, முன்வீட்டில் சுதனின் அம்மா பரமேஸ் மாமி அழுதுகொண்டிருக்க, நான் நாதஸ்வரமும் மேளமுமாக ஒரு கலியாண வீடியோவை எடிட் பண்ணவேண்டும். நாள் வேறு போய்க்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் வயரைக் கழற்றி அலுமாரிக்கு மேல் போட்டேன். முழு வீடியோவையும் சத்தமில்லாமல், படத்தை மட்டும் பார்த்தே எடிட் செய்தேன்.

கனடாக் கமராவின் படங்களை உள்ளே எடுத்ததுமே கொம்பியூட்டர் ஒரு மஞ்சள் முக்கோணத்தைக் காட்டியது. ஆங்கிலத்தில் நாலு வரி. ‘பிறேம் றேட் மிஸ்மாச்’ என்று தொடங்கியது. விசயம் இவ்வளவுதான்: எங்கள் நாட்டுக் கமரா செக்கனுக்கு இருபத்தைந்து படம் எடுக்கும். அவர்கள் நாட்டுக் கமரா கிட்டத்தட்ட முப்பது எடுக்கும். ரெண்டும் பொருந்தவில்லை, எல்லாவற்றையும் இருபத்தைந்து என்றே வைத்துக்கொள்ளவா என்று அது மரியாதையாகக் கேட்டது. நான் ஓகே அமத்தினேன். அடுத்த துண்டை எடுத்தேன், திரும்பவும் கேட்டது. திரும்பவும் அமத்தினேன். அந்த நாளில் எங்களுக்கு எச்சரிக்கை ஒன்றும் புதினம் இல்லை. ஒவ்வொரு சந்தியிலும் ஒரு போர்ட் இருக்கும், வாசித்துக்கொண்டு நின்றால் வீடு போய்ச் சேர ஏலாது. கடைசியில் ‘இதை இனிக் காட்டாதே’ என்று ஒரு பெட்டி இருப்பதைக் கண்டுபிடித்து அதற்கும் ஒரு சரி போட்டேன். ஏதோ கெட்டித்தனம் செய்துவிட்டதாக நினைப்பு.

செக்கனுக்கு முப்பது படம் எடுத்ததை இருபத்தைந்தாக ஓட்டினால் எல்லாரும் மெதுவாக அசைவார்கள். அசைந்தார்கள். மாப்பிள்ளை யானை மாதிரி நிதானமாக நடந்து வந்தார். ஐயர் மிகுந்த பக்தியோடு பூப் போட்டார். எனக்கு அது பிடித்தும் போய்விட்டது. என் எடிட்டிங்கால்தான் கலியாணத்துக்கே ஒரு கம்பீரம் வந்திருக்கிறது என்று நம்பினேன். சத்தம் மட்டும் தன்பாட்டில் பழைய வேகத்தில் ஓடி, தாலி கட்டுகிற இடத்துக்கு வரும்போது படத்தைவிட ரெண்டு நிமிடம் முந்திவிட்டது என்பது, ஸ்பீக்கரைக் கழற்றி வைத்த எனக்கு எப்படித் தெரியும்?

வாசுகியோடு கொழும்புக்கு நான்தான் போனேன். அவள் உள்ளே போய் ஒரு மணித்தியாலம் ஆனபிறகு என்னையும் கூப்பிட்டார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் அதிகாரி, பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் அம்மா ஒருவர், முன்னால் ஒரு ரி.வி. வாசுகியின் கண் சிவந்திருந்தது.

“இந்த வீடியோவைச் செய்தது நீங்களோ?” என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

“ஓம்” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. பாராட்டப் போகிறார்களாக்கும் என்று ஒரு எண்ணம்.

போட்டுக் காட்டினார்கள். அன்றுதான் நானும் அதை முதன்முதலாகச் சத்தத்தோடு பார்த்தேன். கெட்டிமேளம் முழங்கியது. படத்தில் மாப்பிள்ளை மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தார். மேளம் ஓய்ந்து ரெண்டு நிமிடம் கழித்து, அவர் தாலியை எடுத்து மெதுவாக, மிக மெதுவாக வாசுகியின் கழுத்துக்குக் கொண்டுபோனார். அந்த நேரம் பார்த்து, கமராவுக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் துல்லியமாகக் கேட்டது. “இது சரியா வரேல்ல. திரும்ப ஒருக்காச் செய்யுங்கோ. ரமணன் அண்ணை, கொஞ்சம் சிரியுங்கோ.”

மாலை மாற்றும்போது சொன்னது அது. ஆனால் தாலிக்கு மேல் வந்து விழுந்திருந்தது.

“தாலி கட்டிறதை ஒருத்தர் பக்கத்தில நிண்டு சொல்லிக் குடுக்கிறார். அப்ப இது விசாவுக்காக நடிச்ச கலியாணமோ எண்டு இவ கேக்கிறா” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

எனக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொன்னேன். “பிறேம் றேட் மிஸ்மாச்.”

அதிகாரிக்கு அது விளங்கிவிட்டது. நேரே என்னைப் பார்த்துக் கேட்டார், மற்ற அம்மா தமிழில் சொன்னார். “அதைப் பற்றிக் கொம்பியூட்டர் உங்களுக்குச் சொல்லேல்லையோ?”

“சொன்னது.”

“எத்தினை தரம்?”

“ஒவ்வொரு தரமும்.”

“நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

“ஓகே அமத்தினனான்.”

வாசுகி என்னைத் திரும்பிப் பார்த்தாளே ஒரு பார்வை. எங்கள் குடும்பத்தில் இந்தக் கதை இந்த இடத்தோடு முடிந்துவிடும். இன்றைக்கும் டொக்டர் எனக்குச் சீனியைக் குறைக்கச் சொன்னால், “அவர் ஓகே அமத்திப்போட்டு வந்திடுவார்” என்று என் மனைவி சொல்லுவாள். வாசுகி கனடாவில் இருந்து போனிலும் அதையே சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். மிச்சத்தை நாங்கள் யாரும் சொல்லுவதில்லை.

மிச்சம் இது. சத்தம் கேட்காமல் ஏன் செய்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். முன்வீட்டில் செத்தவீடு என்றேன். ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டிருக்கலாமே என்றார். அதற்கு நான் ஏதோ மழுப்பினேன். உண்மையை இப்போது சொல்லுகிறேன். மாட்டத்தான் போனேன். ஆனால் அந்தக் கசற்றில் கமராவுக்குப் பின்னால் இருந்து பேசிக்கொண்டிருந்தவன் சுதன். அவனைப் புதைத்து மூன்று நாள் ஆகியிருக்கவில்லை. அவன் குரலைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. வழக்கம், மரியாதை என்று ஊருக்குச் சொல்லிவிட்டு அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

திருத்திய வீடியோவையும் மூலக் கசற்றையும் ரெண்டு கிழமைக்குள் கொண்டுவராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தேன். மஞ்சள் முக்கோணத்தைத் திரும்ப வரவைத்து, அகராதியை வைத்து வரிவரியாக வாசித்தேன். இருபத்தைந்து என்று நான் ஒத்துக்கொண்ட இடத்தைக் கண்டுபிடித்து, கனடாத் துண்டுகளின் உண்மையான வேகத்தைப் போட்டேன். ஆனால் சரிவந்ததா என்று பார்க்கச் சத்தம் வேண்டும். ஸ்பீக்கர் வயரை அலுமாரியில் இருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அரைநாள் சும்மா இருந்தேன். வாசுகி குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரம் பரமேஸ் மாமி எங்கள் வீட்டுக்குள் வந்தார். முப்பத்தொன்று முடியாமல் செத்தவீட்டுக்காரர் மற்ற வீட்டுப் படி ஏறமாட்டார்கள். அம்மா பதறி எழும்பினார்.

“வாசுகின்ர விசா எங்களால நிண்டுபோச்செண்டு கேள்விப்பட்டன்” என்றார் மாமி.

“உங்களால இல்ல பரமேஸ், இவன்ர விசர்வேலையால” என்றார் அம்மா.

மாமி என் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். “சத்தத்தைப் போடு மோனை. செத்தவீட்டுக்காரி நான் சொல்லுறன், போடு.”

“வேண்டாம் மாமி. அதுக்குள்ள சுதன்ர குரல் இருக்கு.”

“தெரியும். அதுக்குத்தான் வந்தனான்” என்றார் மாமி.

வயரைக் கொழுவினேன். நாதஸ்வரம் வீடு முழுக்க எழும்பி ஒழுங்கைக்குள் போனது. மாப்பிள்ளையின் கை வாசுகியின் கழுத்துக்குப் போகவும் கெட்டிமேளம் முழங்கவும் சரியாக இருந்தது. வாசுகி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு மாலை மாற்றினார்கள். “இது சரியா வரேல்ல. திரும்ப ஒருக்காச் செய்யுங்கோ” என்றான் சுதன். ரமணன் சிரித்தார்.

“ஒரு நாளும் இவனுக்கு ஒண்டும் முதல் தரத்தில சரியா வராது” என்றார் மாமி. சொல்லிவிட்டு, கையைத் திரையில் வைக்காமல் ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் அப்படியே ஓடவிட்டேன். ஐயரோடு கதைக்கிறான், ஆரையோ விலகச் சொல்லுகிறான், பசிக்கிறது என்கிறான். எல்லாம் கேட்டு முடித்தார்.

எழும்பும்போது சொன்னார், “எனக்கு ஒண்டு செய்து தருவியோ மோனை? படம் வேண்டாம், அதில அவன் இல்லைத்தானே. சத்தத்தை மட்டும் ஒரு கசற்றில அடிச்சுத் தா.”

அடுத்த நாள் காலை கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசுகிக்கு விசா கிடைத்தது அதற்கு ரெண்டு மாதம் கழித்து. கசற்றைக் கொடுத்த அன்று முப்பத்தோராம் நாளுக்கு இன்னும் ரெண்டு கிழமைக்கு மேல் இருந்தது. ஒழுங்கை முழுக்க றேடியோக்கள் வாயை மூடிக்கொண்டு கிடந்தன. அந்தச் செத்தவீட்டுக்குள் இருந்து மட்டும், ஒவ்வொரு நாளும் பின்னேரத்தில், என் தங்கச்சியின் கலியாண மேளம் கேட்டுக்கொண்டிருந்தது.