பஞ்சுவுக்கு முன்னால் ஒரு வாய்

கிளிக்கு வாங்கிய கொய்யாவைத் தானே முதலில் கடித்து, அரை மணி நேரம் உயிரோடு இருந்து காட்டிவிட்டு, அதன்பிறகு கிளிக்குக் கொடுக்கும் மனிதர் ராஜபாளையத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். எங்கள் எதிர்வீட்டுச் சாம்பிள் சார்.

நூல் மில்லில் முப்பது வருடம் தரம் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் சாம்பிள் எடுக்கும் கை ஓயவில்லை. பஞ்சு என்று ஒரு கிளி வளர்த்தார்; மஞ்சள் கொண்டை வைத்த சின்ன வெளிநாட்டு இனம். முளைகட்டிய பயறு, கேரட், முருங்கைக்கீரை எல்லாம் அவர் வாயில் பாஸான பிறகுதான் கூண்டுக்குள் போகும். கம்பங்கதிரைப் பச்சையாக மென்று பல் டாக்டரிடம் போனது தனிக்கதை.

தள்ளுவண்டிக்காரர் அலுத்துக்கொள்வார். "கிளி ஒரு துண்டு திங்கும். நீங்க அரைக் கிலோ டெஸ்ட் பண்ணுதீக, சார்!"

"ஏலே, மேல உள்ளத வச்சுத் தரம் பாக்கக் கூடாது. அடியில இருந்து எடு."

எனக்கோ மூன்று வயது மகள். நாலு வீடியோ பார்த்து, நாலும் நாலு விதமாகச் சொல்ல, குழம்பிப்போய் ஒரு கேழ்வரகுக் கூழ் காய்ச்சுவேன். தூ என்று துப்புவாள். கிளியின் சாப்பாட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்ட தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருடைய தங்கை வீட்டில் காதுகுத்து. கூண்டை என்னிடம் ஒப்படைத்தார். "உப்பு, எண்ணெய், சாக்லேட், பால் சாமான் ஒண்ணும் ஆகாது. சூரியகாந்தி விதை நாலே நாலு. பாத்துக்க தாயி."

நாலு விதையை மூன்று முறை எண்ணினேன். எண்ணி முடித்துத் திரும்பினால், மகள் தன் தின்பண்டப் பொட்டலத்தைப் பிரித்து, கூண்டுக்குள் பால்கோவாவைத் திணித்துக்கொண்டிருந்தாள். பஞ்சுவின் மூக்கெல்லாம் பால்கோவா. கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்திருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. போன் போட்டேன்.

"சார், பஞ்சு... பால்கோவா..."

"எம்புட்டு?"

"தெரியலையே சார்!"

"மிச்சத்தத் தொடாத. சாம்பிள் வேணும். வாரேன்."

பாதிப் பந்தியில் எழுந்து பஸ் ஏறியிருக்கிறார். விரலிடுக்கில் சாம்பார் காய்ந்திருந்தது. வந்ததும் கூண்டின் அடித்தாளை உருவினார். பால்கோவா உருண்டை முழுசாகக் கிடந்தது.

"திங்கல. கொத்திப் பாத்துட்டுக் கீழ போட்டிருக்கு. இது மத்தியானத் தூக்கம்" என்றவர், பொட்டலத்தில் மிச்சமிருந்ததை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ஐயோ, உங்களுக்குச் சுகர் இருக்கு சார்!"

"டூட்டில இருக்கும்போது சுகர் பாக்கக் கூடாது தாயி."

பஞ்சு கண் திறந்தது. அவர் ஒரு கேரட்டைக் கடித்துவிட்டு நீட்ட, ஆசையாகக் கொத்தியது. இதையே பார்த்துக்கொண்டிருந்த மகள் தன் கூழ்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். "அம்மா, நீ மொதல்ல."

"பிள்ள சரியாத்தான கேக்குது? என்னைக்காவது அந்தக் கூழ நீ வாயில வச்சுப் பாத்திருக்கியா?" என்றார் சாம்பிள் சார்.

வைத்துப் பார்த்தேன். தூ என்று துப்பத்தான் தோன்றியது.

இப்போது நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் குடிவந்துவிட்டோம். வீட்டில் எது சமைத்தாலும் முதல் வாய் எனக்கு. அதன்பிறகுதான் மகள் வாய் திறப்பாள். பிள்ளை பிறந்ததிலிருந்து ஆறிப்போனதையே தின்றவள் நான். சூடாகக் கிடைக்கும் அந்த ஒரு வாய்க்காக, தினமும் அவரை நினைத்துக்கொள்கிறேன்.