விரிந்து தேறிய ஏர்பேக்

குடும்பத் தலைவன் என்ற முறையில் நான் இதுவரை செய்த பெரிய காரியம், எங்கள் காரை எங்கள் வீட்டு மதில் சுவரிலேயே மோதியதுதான். பிரேக்குக்குப் பக்கத்தில் இருந்ததை மிதித்துவிட்டேன். ஸ்டியரிங்கிலிருந்து ஏர்பேக் பட்டென்று விரிந்து, என் மூக்குக் கண்ணாடியை உடைத்து உயிரைக் காப்பாற்றியது. சுவரும் பிழைத்துக்கொண்டது.

ஏர்பேக் ஒரே ஒரு தடவைதான் விரியும். அதன் பிறகு அது வெறும் துணி. அந்தக் காரைத் தினமும் ஓட்டுகிறவளோ என் மனைவி. மகளைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே இருபது கிலோமீட்டர் போய் வருகிறாள். அவள் நெஞ்சுக்கு நேரே ஸ்டியரிங்கில் ஓட்டை.

புதிய ஏர்பேக்கின் விலையைக் கேட்டபோது, மீதிக் காரையும் சேர்த்துத் தருகிறார்களோ என்று சந்தேகம் வந்தது. எனவே பழைய பாகங்கள் விற்கும் கடைகளில் மூன்று வாரம் அலைந்தேன். ஒன்றில் பிளக் வேறு மாதிரி. இன்னொன்று எங்கள் ஸ்டியரிங்கில் உட்காரவே மாட்டேன் என்று அடம் பிடித்தது. கடைசியில் கிடைத்தது: அதே மாடல், அதே வருடம், பாக எண்ணின் கடைசி எழுத்து வரை அதே.

"பின்னால அடி வாங்கின வண்டி சார். முன்பக்கம் ஒரு கீறல் கிடையாது. இது விரியவே இல்லை" என்றார் கடைக்காரர். அதையே கடிதமாகவும் எழுதிக் கொடுத்தார். அந்த நேர்மைதான் எங்களுக்கு வினையாக முடிந்தது.

வண்டியில் எந்தப் பாகத்தை மாற்றினாலும் மாற்று உதிரிபாக அனுமதி அலுவலகத்தின் சான்று வேண்டும். அங்கிருந்த ஆய்வாளர் மிகவும் மரியாதையானவர். யாரையும் உட்கார வைத்துத்தான் திருப்பி அனுப்புவார்.

"இது புதுசா, பயன்படுத்தினதா?"

"பயன்படுத்தினது சார்."

கடிதத்தைப் படித்தார். "ஒருபோதும் விரியவில்லைன்னு போட்டிருக்கே. விரியாததை எப்படிப் பயன்படுத்தினதுன்னு சொல்றீங்க?"

"அப்ப புதுசுன்னு வச்சுக்கலாம் சார்."

"புதுசுன்னா கம்பெனி பில் வேணும்."

"பழைய வண்டியில இருந்து கழட்டினதுக்கு பில் எப்படி சார் இருக்கும்?"

"பாருங்க, நான் சொல்லலை, நீங்களே சொல்றீங்க" என்றார் வருத்தத்தோடு. "புதுசும் இல்லை, பயன்படுத்தினதும் இல்லை. அப்படி ஒரு பொருளே உலகத்துல கிடையாதே."

அந்த இல்லாத பொருளின் மேல்தான் அவருடைய டீ டம்ளர் இருந்தது.

என் முகத்தைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்துவிட்டது. "உங்க வண்டியில இருந்த பழைய ஏர்பேக் எங்கே?"

"டிக்கியில கிடக்கு சார்."

"அது உங்க வண்டிக்குப் பொருந்துமா?"

"அந்த வண்டியோடதுதான் சார்."

"விரிஞ்சுதா?"

"விரிஞ்சுது."

"நல்லா வேலை செஞ்சதுக்கு சாட்சி?"

"நான்தான்."

அவர் முகம் மலர்ந்தது. "பொருத்தம் இருக்கு, பயன்படுத்தியாச்சு, சாட்சி உயிரோட உட்கார்ந்திருக்கார். இதை ஏன் சார் முதல்லயே சொல்லலை?"

"அது இனிமே விரியாதே சார்."

"இனிமே விரியுமான்னு படிவத்துல கேட்கலையே. நடந்ததுக்குத்தான் நாங்க சான்று கொடுக்க முடியும். நடக்கப்போறதைத் தெரிஞ்சுக்க ஜோசியர்கிட்டதான் போகணும்."

மெக்கானிக் அந்தத் துணியைச் சட்டை மடிப்பதுபோல் மடித்து உள்ளே திணித்தார். எச்சரிக்கை விளக்கை ஏதோ ஒரு சின்ன ஒயர் வைத்து அணைத்தார். ஆய்வாளர் ஸ்டியரிங்குக்கு முத்திரை வைத்தார்; அதை உடைத்தால் வண்டி பறிமுதல். 'மேற்படி காற்றுப்பை பொருத்தமானது, பயன்படுத்தப்பட்டது, செயல்திறன் நிரூபிக்கப்பட்டது' என்று சான்றிதழ் வந்தது. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நல்ல ஏர்பேக்கைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன்.

"இது விரியுமா?" என்று கேட்டாள் மனைவி.

"விரிஞ்சிருக்கு."

"நான் கேட்டது அது இல்லைங்க."

அன்றிலிருந்து அவள் லாரிகளைக் கண்டால் ஒதுங்கி, மாட்டு வண்டி வேகத்தில் போய் வந்தாள். சான்றிதழின் நகலை நான் பின்கண்ணாடியில் ஒட்டினேன். அதுதான் தப்பாகப் போயிற்று. 'செயல்திறன் நிரூபிக்கப்பட்டது' என்ற வரி தெருவில் எல்லோர் கண்ணையும் உறுத்தியது. பக்கத்து வீட்டுக்காரரின் ஏர்பேக் விரியாமல் நல்லபடியாகவே இருந்தது. ஆனால் அதற்கு நிரூபணம் இல்லையே. ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு காரைத் தன் கேட்டில் மோதினார். அடுத்த வாரமே அவர் கண்ணாடியிலும் சான்றிதழ், சட்டம் போட்டு. மாதம் திரும்புவதற்குள் நிரூபிக்கப்படாத கார் எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை.

ஆறு மாதம் கழித்து அலுவலகம் எல்லோருக்கும் கருத்துப் படிவம் அனுப்பியது. அங்கீகரிக்கப்பட்ட காற்றுப்பையின் சேவை எப்படி? இரண்டு கட்டங்கள். 'திருப்தி'. 'திருப்தி இல்லை - விபத்துச் சான்றை இணைக்கவும்.'

தெருவே 'திருப்தி'யில் டிக் போட்டது. நானும் போட்டேன். போடும்போது வெட்கமாகத்தான் இருந்தது.

கார் சாவியை எடுக்க வந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "என்ன போட்டீங்க?"

"திருப்தின்னு."

"சரி. என்னைக்காவது திருப்தி இல்லைன்னு போட வேண்டி வந்தா, சான்றுக்கு என்னை இணைச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, மகளைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பினாள்.

டிக்கை அடித்துவிட்டு மாற்றிப் போடப் பேனாவைத் திறந்தேன். 'அடித்தல் திருத்தல் இருந்தால் படிவம் செல்லாது' என்று அடியில் அச்சிட்டிருந்தார்கள். படிவம் செல்லாமல் போய்விடுமே என்று மடித்து உறையில் போட்டு ஒட்டினேன்.