உபரி என்று எழுதிய வயர்

அமெரிக்காவின் டுலூத் நகரத்து எல்மர் சாண்ட்விக், ஓய்வு பெற்ற மறுவாரமே தம் வீடு முழுவதையும் ஒரே பெட்டிக்குள் அடக்கிவிடுவதென்று சபதம் பூண்டார். தொலைபேசியோ டிவியோ பாட்டோ, எந்த வயரானாலும் பேஸ்மென்ட் சுவரிலுள்ள அந்த இரும்புப் பெட்டியிலிருந்தே புறப்பட வேண்டும். ஒவ்வொரு வயரின் நுனியிலும் அறையின் பெயர் எழுதிய சீட்டு இருக்க வேண்டும்.

டிவி சிக்னலைப் பிரித்துக் கொடுக்கும் கருவிக்கு எட்டே வாய்கள்.

"என் தையல் ரூம் வயர் மட்டும் ஏன் அந்தரத்துல தொங்குது?" என்றாள் மனைவி லொரெய்ன்.

"இடமில்ல லொரெய்ன். எட்டும் போயிடுச்சு."

எட்டாவது கராஜுக்குப் போயிருந்தது. மைத்துனி டெல்ஃபின் வரும் சனிக்கிழமைகளில், பனி தள்ளும் மெஷின் பழுது என்று சொல்லி அங்கே ஒதுங்கி, நிம்மதியாக ஹாக்கி பார்ப்பது எல்மரின் திட்டம். கராஜ் என்று எழுதினால் குட்டு வெளிப்படுமே! அந்தச் சீட்டில் மட்டும் 'உபரி' என்று எழுதினார்.

இறுதிப் போட்டி நாள். டெல்ஃபின் வந்தாள், மெஷினும் பழுதானது. கராஜில், ஆட்டம் மூன்றுக்கு மூன்று என்ற சமநிலையில் நின்றபோது திரை இருண்டது.

எல்மர் பெட்டியை நோக்கி ஓடினார். வழியில், தையல் அறையிலிருந்து டெல்ஃபினின் கூச்சல்: "அடிடா! கோல்கீப்பரைப் பாக்காதே, வலையைப் பாரு!"

உள்ளே புத்தம்புதுத் திரை. அதில் அதே ஆட்டம்.

"இதுக்கு... எங்கேயிருந்து இணைப்பு?"

"பெட்டியில உபரின்னு ஒண்ணு சும்மா ஒரு வாயை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. பிடுங்கிட்டு என்னோடதைச் செருகிட்டேன்," என்றாள் லொரெய்ன், பாப்கார்னைக் கொறித்தபடி. "ஏன், அது உனக்கு ஏதாவது தேவைப்பட்டுச்சா?"

எல்மர் வாயைத் திறந்தார். சீட்டிலிருந்தது அவர் கையெழுத்து.

"இல்ல... உபரிதான்."

"வாங்க எல்மர், பக்கத்துல உக்காருங்க!" என்று டெல்ஃபின் சோபாவில் நகர்ந்தாள்.

"அவரைக் கூப்பிடாதே டெல்ஃபின்," என்றாள் லொரெய்ன், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "பாவம், மெஷின் வேலை பாதியில நிக்குது. எல்மர், போகும்போது கதவைச் சாத்திட்டுப் போ. கோல் விழுந்தா நாங்க கத்துறது உனக்கு இடைஞ்சலா இருக்கும்."