மேல கொஞ்சம் லூசு

"லூசு மேடம். ரொம்ப லூசு."

பல்லிடுக்கில் குண்டூசியைக் கடித்தபடி டெய்லர் லூயிஸ் சொன்னதும், தலைமை ஆசிரியை கமலவேணி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். போன வருஷ அளவில் தைத்த புது ஜாக்கெட்டை அப்போதுதான் போட்டுப் பார்த்துவிட்டு, திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்திருந்தாள்.

"யாரு, நானா?"

"ஆமா, நீங்கதான். அதுவும் மேல ரொம்ப லூசு."

கமலவேணியின் கண் கலங்கியது. போட்ட ஜாக்கெட்டோடு, கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு, தெருவில் போன ஆட்டோவை நிறுத்தி ஏறிவிட்டாள்.

கடைக்குள் கொக்கி தைத்துக்கொண்டிருந்த லூயிஸின் மனைவி சகாயசெல்வி எழுந்து வந்தாள்.

"யாரப் பாத்துய்யா லூசுன்ன?"

"ஜாக்கெட்டச் சொன்னேன்."

"ஜாக்கெட்டுன்னு சொன்னியா?"

லூயிஸ் யோசித்தான். சொல்லவில்லை.

"போச்சு! இந்த வருஷம் ஸ்கூல் யூனிஃபார்ம் பூரா அவங்க கையிலதான இருக்கு? உடனே போனப் போடு."

போட்டான்.

"மேடம், நான் உங்கள லூசுன்னு சொன்னது..."

"இருங்க லூயிஸ், ஸ்பீக்கர்ல போடறேன். வீட்ல எல்லாரும் கேக்கட்டும்."

சாட்சிக்கு ஆள் சேர்க்கிறாள்! லூயிஸுக்கு நாக்கு குழறியது.

"அதாவது மேடம், முந்தியெல்லாம் நீங்க லூசு இல்ல. இப்பதான் கொஞ்சம் கொஞ்சமா ஆயிட்டு வர்றீங்க. இப்படியே போனா இன்னும் லூசாயிடுவீங்க."

அந்தப் பக்கம் யாரோ ஓவென்று கத்தினார்கள். பயத்தில் போனை வைத்துவிட்டான்.

"வாய்க்கு ஒரு தையல் போட்டுக்கய்யா முதல்ல!" சகாயசெல்வி தலையில் அடித்துக்கொண்டாள். "காலையில நேர்ல போ. அந்த வார்த்தைய மட்டும் எடுக்காத."

அன்றிரவு லூயிஸுக்குச் சோறு இறங்கவில்லை. லூசுக்கு எதிர்ப்பதம் என்ன என்று யோசித்தபடி படுத்திருந்தான். விடியும்போது பிடிபட்டது.

உழவர்கரையில் கமலவேணியின் வீட்டு வாசலில் இறங்கியவன் உள்ளே எட்டிப் பார்த்தான். கூடத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூட்டம். நடுவில் பட்டுப்புடவையில் கமலவேணி.

"வாங்க லூயிஸ். நேத்து என்னப் பாத்து என்ன சொன்னீங்க? இவங்க முன்னாடி சொல்லுங்க. யாருமே நம்ப மாட்டேங்கறாங்க."

மன்னிப்புக் கேட்டால்தான் விடுவாள் என்று புரிந்தது. லூயிஸ் கையெடுத்துக் கும்பிட்டான்.

"தப்பா சொல்லிட்டேன் மேடம். நீங்க லூசே இல்ல. மாதா மேல சத்தியமா, டைட்டு!"

கமலவேணியின் முகம் சுருங்கியது.

போதவில்லை போலிருக்கிறது என்று லூயிஸ் குரலை உயர்த்தினான். "போன வருஷத்த விட டைட்டு மேடம்! பிரிச்சு விடக்கூட துணி பத்தாது!"

ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். கமலவேணி விம்மியபடி உள்ளே ஓடி, அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். லூயிஸ் ஒன்றும் புரியாமல் அவள் கணவர் ஹரிகிருஷ்ணனைப் பார்த்தான்.

அவர் மெதுவாகச் சொன்னார்: "ஏன்யா, உடம்பக் குறைக்கணும்னு மாசக்கணக்கா சோத்தத் தொடாம பீச்ல நடையா நடந்தவ, நீ லூசுன்னு சொன்ன சந்தோஷத்துல நேத்து தெருவுக்கே லட்டு குடுத்தாளேய்யா!"