ஷில்பாவின் கழுத்து

"அம்மா, கழுத்து திரும்ப மாட்டேங்குது!"

இடது பக்கம் திரும்பிய ஷில்பாவின் கழுத்து அங்கேயே நின்றுவிட்டது. பிசியோதெரபி கடைசி வருஷம் படிக்கிற பெண். லேப்டாப் முன்னால் மாணவர்கள் எப்படி நிமிர்ந்து உட்கார வேண்டும் என்பதுதான் அவளுடைய ப்ராஜெக்ட். அதை ஒரு வாரமாகக் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு டைப் அடித்தாள். கழுத்து பிடிக்காமல் என்ன செய்யும்?

நாளைக்கு வைவா. கேள்வி கேட்கப்போகிறவர் தாமோதரன் சார். தினமும் இவள் ஊரான மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி இவளைப் போலவே பெங்களூரு போய் வருகிறவர். சீட்டில் முதுகைச் சாய்க்கக்கூட மாட்டார். "தன் கழுத்தையே பாத்துக்கத் தெரியாதவனுக்கு இன்னாத்துக்கு பிசியோ?" என்று போன வருஷம் ஒரு பையனை ஃபெயிலாக்கிய புண்ணியவான். ஃபெயிலானால் ஆஸ்பத்திரியில் கிடைத்திருக்கும் வேலையும் போச்சு.

ப்ராஜெக்டில் தானே எழுதிய பயிற்சியைச் செய்து பார்த்தாள். தோள்பட்டையும் சேர்ந்து பிடித்துக்கொண்டது.

"தள்ளு, நான் பாக்குறேன்" என்று அப்பா மனோகர் தைலத்தோடு வந்து அழுத்தினார். 'படக்' என்றது. இப்போது இடுப்பும் அசையவில்லை.

"இன்னாப்பா இப்டி பண்ணிட்ட! என் பொழப்பே போச்சு!"

அழுதாள். கண்ணைத் துடைக்கக் கை எழவில்லை.

"இங்க பக்கத்துல பாலகாட்டுக்குப் போலாம்" என்றாள் அம்மா நளினி. "லூயிசாக்கா பொறக்கும்போது கால் முன்னாடி வந்தவங்க. அவங்க மூணு மிதி மிதிச்சா எந்தப் பிடிப்பும் ஓடிப்பூடும்."

"நான் பிசியோ படிக்கிறேம்மா!"

"படிச்சி இன்னா கிழிச்ச? ஏறு ஆட்டோல!"

லூயிசா வீட்டில் இரண்டு பாய் விரித்திருந்தது. ஒன்றில் ஏற்கெனவே யாரோ தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குப்புறக் கிடந்து முனகிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பாயில் ஷில்பாவைக் கவிழ்த்தார்கள். கோணிய கழுத்துக்குத் தெரிந்ததெல்லாம் சுவர் மட்டும்தான்.

முதல் மிதி விழுந்தது.

"ஐயோ, மெல்லக்கா! நாளைக்கு வைவால நான் நிமிந்து நிக்கணும்! இங்க வந்து மிதி வாங்கனது தாமோதரன் சாருக்குத் தெரிஞ்சா அவ்ளோதான், என் படிப்பே காலி!" என்று கதறினாள் ஷில்பா.

பக்கத்துப் பாயில் முனகல் சட்டென்று நின்றது. துண்டுக்கு அடியிலிருந்து ஓர் ஆண்குரல் மெதுவாக வந்தது.

"அதே வைவால நானும் நிமிந்து உக்காரணும்மா. நீயும் சொல்லாத, நானும் சொல்லல."